இரண்டு அங்குலத் தண்ணீர்

பழைய வீட்டில் கழிப்பறையை மாற்றலாம் என்று பேச்சு எழுந்ததுமே பெரும்பாலோர் நேராகக் கடைக்குப் போகிறார்கள். விலை, நிறம், மூடி சத்தமில்லாமல் இறங்குகிறதா என்பதையெல்லாம் பார்த்து ஒரு வெஸ்டர்ன் கோப்பையைத் தேர்ந்தெடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். தரையில் வைத்துப் பார்க்கும்போதுதான் குழாயின் வாயும் கோப்பையின் வாயும் மூன்று அங்குலம் விலகி நிற்பது தெரிகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒப்பேற்றல்: ஒரு வளைவுக் குழாய், கொஞ்சம் சிமென்ட், சுவரை விட்டுத் தள்ளி நிற்கும் டேங்க். கொஞ்ச நாளில் நாற்றமோ கசிவோ அடைப்போ தொடங்கிவிடும்.

பழைய வீட்டுக்கு எந்தக் கோப்பை பொருந்தும் என்பதை அந்த வீட்டின் குழாய்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டன. முதலில் படிக்க வேண்டியது வீட்டை. விலைப்பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டைப் படிக்க ஒரே ஒரு விஷயம் புரிந்திருந்தால் போதும். கோப்பையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கிறதே, அது கழுவியது போக மிஞ்சிய தண்ணீர் இல்லை. அங்கே குழாய் வளைந்து கீழே இறங்கி, மறுபடி மேலேறி, பிறகு கீழே போகிறது. அந்த வளைவைத்தான் பிளம்பர்கள் ட்ராப் என்கிறார்கள். வளைவில் நிற்கும் தண்ணீர்தான் செப்டிக் டேங்குக்கும் நம் மூக்குக்கும் இடையிலுள்ள கதவு. அதன் ஆழம் சுமார் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். லண்டனில் பாண்ட் தெருவில் கடை வைத்திருந்த அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக்காரர் 1775ஆம் ஆண்டு இந்த வளைந்த குழாயைத் தன் கழிப்பறை வடிவமைப்பில் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை எதுவாக இருந்தாலும், குந்தி உட்காரும் இந்தியன் டாய்லெட்டானாலும் சரி, சுவரில் தொங்கும் விலையுயர்ந்த கோப்பையானாலும் சரி, அந்த வளைவை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டு அங்குலத் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்? காற்று மண்டலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கக்கூடியது. அதோடு ஒப்பிட்டால் 50 மில்லிமீட்டர் என்பது இருநூறில் ஒரு பங்கு. குழாய்க்குள் காற்றழுத்தம் அந்த அளவு ஏறியிறங்கினாலே தண்ணீர்க் கதவு திறந்துகொள்ளும். மாடியில் யாரோ ஃப்ளஷ் செய்கிறார்கள். நிமிர்ந்த குழாயில் தண்ணீர் மொத்தையாக விழும்போது தனக்குப் பின்னால் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று மேலிருந்து தாராளமாக வர வழியில்லையென்றால், கீழ்த்தளத்துக் கோப்பையில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பழைய வீடுகளின் பின்சுவரை ஒட்டி, மொட்டை மாடிக்கும் மேலே நீண்டு, தலையில் கம்பிக்கூண்டு மாட்டிய ஒரு குழாய் நிற்கும். அதுதான் வென்ட் பைப். காற்று வருவதற்காகவே வைத்தது. மாடியில் புதிதாக அறை எடுக்கும்போதோ தண்ணீர்த் தொட்டி கட்டும்போதோ, அது எதற்கு என்று தெரியாமல் வெட்டி மூடிவிடுகிறார்கள். "கோப்பையில் தண்ணீரே நிற்க மாட்டேங்குது" என்று சொல்லும் வீடுகளில் கோப்பையைக் குறைசொல்வதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறி அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கதவு காய்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் சார்ஸ் நோய் பரவி, 300க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். ஆராய்ந்தபோது, குளியலறைத் தரையிலுள்ள ட்ராப்கள் பல வீடுகளில் காய்ந்துகிடந்தது தெரிந்தது. அவை கழிப்பறைக் குழாயோடு இணைந்தவை. குளியலறை மின்விசிறி சுழன்றபோது குழாயிலிருந்து கிருமி கலந்த நீர்த்திவலைகள் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. நம் வீட்டில் விருந்தினர் அறைக் கழிப்பறையைப் பல வாரம் புழங்காமல் விட்டால் வரும் நாற்றமும் இதே வழியில்தான் வருகிறது. அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். தஞ்சை, கும்பகோணம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற ஊர்களிலும் பகுதிகளிலும் பல பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது. அது எடுப்புக் கக்கூஸ். பின்சந்து வழியாக வந்து மனிதக் கையால் அள்ளிச்செல்ல வேண்டியிருந்த அந்தக் கொடுமைக்காகவே கட்டிய அமைப்பு. பிறகு தண்ணீர்க் கழிப்பறைகள் வந்தபோது, பல வீடுகளில் அதே இடத்தில், அதே சுவர்களுக்குள் பீங்கானைப் பதித்தார்கள். கொல்லையிலிருந்து தெருவிலுள்ள பாதாளச் சாக்கடை வரை வீட்டின் முழு நீளத்துக்கும் குழாய் ஓட வேண்டியிருந்தது. 4 அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும். பத்தடிக்கு மூன்று அங்குலம். எண்பதடி வீட்டில் அது இரண்டடி இறக்கம். தெருச் சாக்கடை அவ்வளவு ஆழத்தில் இல்லாத ஊர்களில் சரிவைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் குறை இன்றைக்கும் தரைக்கடியில் அப்படியே இருக்கிறது.

குழாய் எதனால் ஆனது என்பதும் முக்கியம். பழைய வீடுகளில் தரைக்கடியில் உப்பு மெருகேற்றிய களிமண் குழாய்கள் இருக்கும், எஸ்.டபிள்யூ. பைப் என்பார்கள். இரண்டடி நீளத் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டுகளில் விரிசல் விழுந்ததும் தென்னை, முருங்கை, வேம்பு என்று பக்கத்திலுள்ள மரத்தின் வேர் நுழைந்துவிடும். நிமிர்ந்த குழாய்கள் வார்ப்பிரும்பில் இருக்கும். ஒட்டுகளில் சணல் திணித்து ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். ஆகவே முதல் வேலை, வீட்டுக்கு வெளியே இருக்கும் சேம்பர் மூடியைத் திறந்துவைத்து, உள்ளே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. தண்ணீர் சட்டென்று ஒரே ஓட்டமாக வந்தால் குழாய் நலம். இழுத்து இழுத்து, மண்ணோடு வந்தால் கோப்பைக்குச் செலவிட நினைத்த பணத்தைக் குழாய்க்கு ஒதுக்குங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இருபதாயிரம் ரூபாய் கோப்பையை உடைந்த குழாயின் மேல் வைப்பதைவிட, நல்ல குழாயின் மேல் மலிவான கோப்பையை வைப்பது எவ்வளவோ மேல்.

பழைய வீட்டில் இந்த வேலை வருவதற்கான காரணம் அநேகமாக மூட்டுவலி. பாட்டியால் குந்த முடியவில்லை. இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "அடியில இருக்கிறத எதுக்கு சார் உடைக்கணும்? பேசினை மட்டும் எடுத்துட்டு மேலயே வச்சிடலாம். ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்பார். கேட்க நன்றாக இருக்கும். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடமிருந்தால், இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியன் டாய்லெட்டின் ட்ராப் தனித்துண்டு; பேசினுக்கு அடியில் தரைக்குள் புதைந்திருக்கிறது. வெஸ்டர்ன் கோப்பையிலோ ட்ராப் கோப்பையோடு சேர்த்தே வார்த்தது. கீழே உள்ளதை எடுக்காமல் மேலே கோப்பையை வைத்தால் ஒரே பாதையில் இரண்டு ட்ராப்கள் அமைந்துவிடும். இரண்டு தண்ணீர்க் கதவுகளுக்கும் இடையில் ஒரு சாண், இரு சாண் நீளத்துக்குக் காற்று சிறைப்பட்டிருக்கும். அது வெளியேற மேலேயும் வழியில்லை, கீழேயும் வழியில்லை. ஃப்ளஷ் செய்ததும் மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் அந்தக் காற்றை அமுக்குகிறது. காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. தண்ணீரின் வேகம் அங்கேயே செலவாகிவிடுகிறது. கோப்பையில் மட்டம் விளிம்பு நோக்கி ஏறி, "குபுக்" என்று ஒரு குமிழி மேலே வந்த பிறகு மெல்ல இறங்கும். வேகமிழந்த தண்ணீர் கீழ் ட்ராப்பைத் தாண்டும்போது கெட்டியானவற்றைத் தூக்கிச் செல்லாது; அவை அந்த வளைவிலேயே படியும். அடைப்பு எடுக்க வருபவரின் கம்பியும் இரண்டு வளைவுகளைக் கடந்து போகாது. இவ்வளவுக்கும் காரணம் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தியதுதான்.

ஆகவே தரையை உடைத்து, பழைய பேசினையும் ட்ராப்பையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும். அங்கிருந்து வெளிச்செல்லும் குழாயில் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயைப் பொருத்தி, புதுக் கோப்பை நிற்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய களிமண் குழாயில் பி.வி.சி.யைச் செருகிச் சிமென்ட் பூசினால் நிற்காது. பி.வி.சி.யின் வழவழப்பைச் சிமென்ட் பிடிப்பதில்லை. வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் வெவ்வேறு அளவு நீளும், சுருங்கும். அந்த இடத்தில் ரப்பர் இணைப்பு வேண்டும்.

இப்போதுதான் அளவு எடுக்கும் நேரம். கோப்பைகள் இரண்டு வகை. கழிவைத் தரைக்குள் இறக்குவது எஸ் ட்ராப். பின்புறம் சுவர் வழியாக வெளியே அனுப்புவது பி ட்ராப். மாடியில், வெளிச்சுவரை ஒட்டிக் குழாய் இறங்கும் பழைய வீடுகளுக்கு பி ட்ராப் வரப்பிரசாதம்: தளத்தை உடைக்க வேண்டாம், கீழ்வீட்டுக் கூரை ஒழுகுமோ என்ற பயமும் இல்லை. தரையிலிருந்து சுவர்த் துளையின் மையம் வரை ஏறக்குறைய 7 அங்குலம் தேவை. எஸ் ட்ராப் என்றால் பின்சுவரிலிருந்து தரைத் துளையின் மையம் வரை அளக்க வேண்டும். நம் கடைகளில் 4, 9, 12 அங்குல அளவுகளுக்கான கோப்பைகள்தான் அதிகம் கிடைக்கின்றன. அளப்பதில் இரண்டு சூட்சுமங்கள். சுவரென்றால் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவர். பூச்சுச் சுவரை அளந்துவிட்டுப் பிறகு டைல்ஸ் ஒட்டினால் அரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். துளையின் விளிம்பு உடைந்து கோணலாக இருந்தால் மையம் கண்ணுக்குப் பிடிபடாது. சுவரிலிருந்து குழாயின் அருகு விளிம்பு வரை ஓர் அளவு, தூர விளிம்பு வரை ஓர் அளவு எடுத்து, கூட்டி இரண்டால் வகுத்தால் மையம் கிடைக்கும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடையில் கோப்பையையும் அளந்து பாருங்கள். பீங்கான் என்பது களிமண், படிகக்கல், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, உலர்த்தி, 1200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டது. காய்ந்து, வெந்து முடிவதற்குள் அது பத்தில் ஒரு பங்கு அளவு சுருங்கிவிடுகிறது. நம் ராணிப்பேட்டையில் 1950களிலிருந்து இந்த வேலை நடக்கிறது. எவ்வளவு கைதேர்ந்த ஆலையானாலும் சூளையிலிருந்து வரும் இரண்டு கோப்பைகள் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றுபோல இருப்பதில்லை. அடிப்பாகம் லேசாக வளைந்திருக்கலாம். சமதளத்தில் வைத்து ஆட்டிப் பார்த்து, ஆடாததை எடுத்துக்கொள்வது வாங்குபவரின் உரிமை.

தண்ணீர் எப்படிக் கழுவுகிறது என்பதிலும் தேர்வு இருக்கிறது. பழைய வீட்டில் தலைக்கு மேலே ஆறடி உயரத்தில் இரும்பு டேங்கும் சங்கிலியும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். சங்கிலியை இழுத்து விட்டதும் உள்ளே இருக்கும் கனத்த இரும்பு மணி விழுந்து தண்ணீரை நடுக்குழாயின் வாய்க்கு மேல் தள்ளும். சைஃபன் பிடித்துக்கொண்டு டேங்க் முழுவதும், 10 முதல் 12.5 லிட்டர் வரை, காலியாகும். ஆறடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தை எட்டும். கோப்பையின் முதுகில் ஒட்டிய இன்றைய டேங்கிலிருந்து ஒன்றேகால் அடிதான் விழுகிறது. வேகம் பாதிக்கும் கீழே. அதனால்தான் புது டேங்குகளில் வால்வின் வாய் அகலமாக இருக்கிறது. வேகத்தில் இழந்ததை, ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீரை இறக்கி ஈடுகட்டுகிறார்கள்.

தண்ணீரைக் குறைக்கும் முயற்சிக்குப் பெரிய உந்துதல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்ப்சன் 1980இல் இரண்டு பொத்தான் ஃப்ளஷை வடிவமைத்தார். அப்போது அளவு 11 லிட்டரும் 5.5 லிட்டரும். இப்போது நம் கடைகளில் 6க்கு 3 பரவலாகக் கிடைக்கிறது. அமெரிக்கா 1992இல் சட்டம் போட்டு, ஒரு ஃப்ளஷுக்கு 6 லிட்டர் என்று வரம்பு கட்டியது. முதலில் வந்த கோப்பைகள் பல, டேங்கை மட்டும் சிறிதாக்கிக் கோப்பையின் உள்வடிவத்தைப் பழையபடியே விட்டுவிட்டதால் அடைத்துக்கொண்டன. 2003 முதல் கனடாவிலும் அமெரிக்காவிலும் சோயா பசையை உருட்டிப் போட்டு, ஒரு கோப்பை எத்தனை கிராமைத் தள்ளுகிறது என்று சோதிக்கத் தொடங்கிய பிறகே வடிவங்கள் தேறின.

நம் ஊருக்கு என் பரிந்துரை, தண்ணீர் நேராக அடித்துத் தள்ளும் வகை. உறிஞ்சி இழுக்கும் சைஃபோனிக் வகையில் உட்பாதை குறுகல், வளைவுகள் அதிகம். அடித்துத் தள்ளும் வகையில் பாதை அகலம். டேங்க் பழுதானாலும், 2019 கோடையில் சென்னை கண்டதுபோலக் குழாயில் தண்ணீரே வராமல் போனாலும், ஒரு வாளியைச் சட்டென்று கவிழ்த்தால் வேலை முடிந்துவிடும். சரிவு குறைந்த, நீண்ட பழைய குழாய் உள்ள வீட்டில் மட்டும் 3 லிட்டர் பொத்தானையே எப்போதும் அழுத்தாமல் இருப்பது நல்லது. கோப்பை சுத்தமாகிவிடும், ஆனால் நாற்பதடி தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போக அந்தத் தண்ணீர் போதாது.

சுவரில் தொங்கும் கோப்பை பார்க்க அழகு, கூட்டித் துடைக்கவும் வசதி. ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரிலோ நாலரை அங்குலச் சுவரிலோ போல்ட் அடித்து மாட்டாதீர்கள். முன்னால் உட்காருபவரின் எடை நெம்புகோலாக வேலை செய்து, மேலே உள்ள போல்ட்டுகளை அவர் எடையைவிட அதிகமான விசையோடு வெளியே இழுக்கும். வேண்டுமென்றால் தரையில் கால் ஊன்றி நிற்கும் இரும்புச் சட்டம் வைத்து, அதில் மாட்ட வேண்டும்.

பொருத்தும்போது அவசரமே கூடாது. முதலில் எதையும் ஒட்டாமல் கோப்பையை இடத்தில் வைத்து, ரசமட்டத்தை விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் பிசகினால் ட்ராப்பில் தண்ணீரின் ஆழமே குறைந்துவிடும். திருகு துளைகளைப் பென்சிலால் தரையில் குறித்துக்கொண்டு, கோப்பையை எடுத்துவிட்டு, டிரில்லில் டைல்ஸுக்கான பிட் போட்டு, சுத்தியல் அடியை அணைத்துவைத்துத் துளையிட வேண்டும். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் சுத்தியல் அடி. குழாய் வாயில் ரப்பர் கனெக்டரைப் பொருத்தி, லேசாகச் சோப்புத் தண்ணீர் தடவி, கோப்பையை நேராக இறக்க வேண்டும். அடியில் இடைவெளி இருந்தால் பிளாஸ்டிக் ஆப்பு வைத்து ஆட்டத்தை நிறுத்திய பிறகே திருகு. இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி, கை விசை போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பீங்கான் அமுக்கத்தைப் பிரமாதமாகத் தாங்கும்; வளைவை அறவே தாங்காது. அரைச்சுற்று கூடினால் மயிரிழை விரிசல் விழும். சில மாதம் கழித்து அது வாய் திறக்கும்.

கோப்பையைச் சிமென்ட் போட்டுத் தரையோடு இறுக்கும் பழக்கம் இன்னும் சில கொத்தனார்களிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் மறுபடி உடைக்காமல் எடுக்க முடியாது. சுற்றிலும் சிலிக்கான் பூசினால் போதும். பின்பக்கம் இரண்டு அங்குல இடைவெளி விட்டுப் பூசச் சொல்லுங்கள். உள்ளே கனெக்டர் கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து தெரிவிக்கும். முழுக்க அடைத்துவிட்டால் தரைக்கடியில் ஊறி, கீழ்வீட்டுக் கூரையில் தெரியும் வரை யாருக்கும் தெரியாது.

முதியவருக்காகச் செய்கிறீர்கள் என்றால் உட்காரும் உயரம் 17, 18 அங்குலம் இருப்பது எழுந்திருக்க உதவும். எழும்போது முழங்கால் மடங்கும் கோணம் குறைந்தால் தொடைத் தசையின் பளு குறைகிறது. எட்டும் தூரத்தில் சுவரில் ஒரு கைப்பிடியும் அப்போதே பதித்துவிடுங்கள். வீட்டில் இரண்டு கழிப்பறைகள் இருந்தால் ஒன்றை இந்தியனாகவே விட்டுவைக்கலாம். குந்தும்போது மலக்குடலின் வளைவு நிமிர்ந்து கழிப்பது எளிதாகிறது, முட்டி நன்றாயிருக்கும் இளையவர்கள் அதை இழக்க வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்ததும் டேங்க் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு, அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் வால்வு கசிகிறது. அன்றைக்கே பிளம்பரிடம் சொல்லிச் சரிசெய்யலாம். பிறகு சேம்பரைத் திறந்துவைத்து, ஒருவர் உள்ளே ஃப்ளஷ் செய்ய, இன்னொருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். நாலைந்து உருண்டை நனைந்த காகிதத்தைப் போட்டு, அவை ஒரே ஓட்டத்தில் வந்து சேர்கின்றனவா என்று கவனியுங்கள். சேம்பருக்கும் கோப்பைக்கும் இடையில் குழாய் எங்கெல்லாம் திரும்புகிறதோ அங்கெல்லாம் திறந்து பார்க்க ஒரு வாய் வைத்திருக்க வேண்டும். அடைப்பு வந்தால் கம்பியும் இயந்திரமும் அதன் வழியே போகும். பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஒரு மனிதரைச் செப்டிக் டேங்குக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு நிலையே வராதபடி குழாயை அமைக்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது, தரை ஏற்கெனவே உடைந்துதானே கிடக்கிறது. மூடுவதற்கு முன் அளவுநாடாவைக் குழாயருகே நீட்டிவைத்து நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அடுத்த கோப்பையை மாற்றப்போகிறவருக்கு அவை தேவைப்படும்.